கமென்ஸ், ஸ்டார்ட், பிகின்: எந்த இடத்தில் எதைப் போடுவது?

போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பவள். "அண்ணா, இந்த மெயிலை ஒரு தடவை பாருங்களேன்" என்றாள். முதல் வரியே, தங்கள் மதிப்புக்குரிய நிறுவனத்தில் என் பணிவாழ்க்கையை 'கமென்ஸ்' (commence) செய்ய விரும்புகிறேன் என்ற பொருளில் இருந்தது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'ஸ்டார்ட்' என்று போடேன் என்றேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "ஸ்டார்ட்னா ரொம்ப சாதாரணமா இருக்காதாண்ணா? மரியாதை இல்லாத மாதிரி?"

அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. பதினான்கு வருடமாக ஒரு ஒப்பந்ததாரர் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதுவதுதான் என் பிழைப்பு, அதில் இந்த 'கமென்ஸ்' என்ற சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அவள் கேட்ட கேள்விக்குள்ளேதான் நம் ஆட்கள் இந்தச் சொல்லைத் தேடிப் போய்ப் போடுவதற்கான காரணம் இருக்கிறது. தமிழில் மரியாதை வினைச்சொல்லிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வந்தார் என்பது வருகை தந்தார் ஆகும், சாப்பிட்டார் என்பது உணவருந்தினார் ஆகும், பேசினார் என்பது உரையாற்றினார் ஆகும். சொல் நீள நீள மரியாதையும் கூடும். அதே பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறோம். ஸ்டார்ட் வீட்டுச் சொல், கமென்ஸ் மேடைச் சொல், ஆகவே மேலதிகாரிக்குக் கமென்ஸ் என்று முடிவு செய்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் மரியாதை அங்கே உட்காருவதில்லை. 'குட்' (could), 'வுட்' (would) மாதிரியான துணைச் சொற்களில் இருக்கிறது, கேட்கும் விதத்தில் இருக்கிறது, நன்றி சொல்வதில் இருக்கிறது. 'நான் திங்கட்கிழமை வேலையை ஸ்டார்ட் செய்யலாமா' என்று தன்மையாகக் கேட்டால் அது முழு மரியாதையான வாக்கியம். 'திங்கட்கிழமை கமென்ஸ் செய்வேன்' என்று மொட்டையாக எழுதினால் சொல் எவ்வளவு கனமாக இருந்தாலும் அது அறிவிப்புதான்.

அப்படியானால் கமென்ஸ் எதற்கு இருக்கிறது? அது இருக்க வேண்டிய இடங்கள் உண்டு. அந்த இடங்களில் ஸ்டார்ட் போட்டால் அதுவும் தப்பு.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் விளங்கும். பிகின், ஸ்டார்ட் இரண்டும் ஆங்கிலத்தின் சொந்த வீட்டுப் பிள்ளைகள். கமென்ஸ் பிரெஞ்சிலிருந்து வந்தது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனை, நீதிமன்றம், பத்திரம் எல்லாம் பிரெஞ்சிலும் லத்தீனிலும் நடந்தன, அந்த வழியாக உள்ளே வந்த நூற்றுக்கணக்கான சொற்களில் இதுவும் ஒன்று. பிரெஞ்சுக்காரர்களுக்கு இதன் மூலச்சொல் இன்றைக்கும் தினசரிச் சொல்தான், மழை தொடங்கினாலும் சரி சண்டை தொடங்கினாலும் சரி அதைத்தான் சொல்வார்கள். ஆங்கிலத்துக்கு வந்ததும் அது நீதிமன்றத்துச் சொல்லாகவும் அலுவலகத்துச் சொல்லாகவும் தங்கிவிட்டது. இன்னும் பின்னால் போனால், இதன் வேரில் 'இனிஷியம்' என்ற லத்தீன் சொல் இருக்கிறது. தொடக்கம் என்று பொருள், நேராகப் பிரித்தால் உள்ளே போவது. இனிஷியேட் அதிலிருந்து வந்தது. நம் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போடுகிறோமே, அந்த இனிஷியலும் அதே குடும்பம்தான்.

இந்தப் பூர்வீகம் இன்றைக்கும் அந்தச் சொல்லின் நடையில் தெரிகிறது. எங்கே ஒரு தேதியை வைத்து நாள் எண்ணப்போகிறார்களோ அங்கே கமென்ஸ் வரும். நம் நாட்டில் எந்தச் சட்டத்தையாவது எடுத்து முதல் பிரிவைப் பாருங்கள், ஓரத்தலைப்பில் பெரும்பாலும் 'கமென்ஸ்மென்ட்' என்ற சொல் இருக்கும். 1897-ஆம் வருடத்து பொது உட்கூறுகள் சட்டம் (ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்) அதற்கு விளக்கமே கொடுத்திருக்கிறது: ஒரு சட்டத்தின் கமென்ஸ்மென்ட் என்றால் அது நடைமுறைக்கு வரும் நாள். நாடாளுமன்றத்தில் நிறைவேறிய நாளும் இதுவும் வேறு வேறாக இருக்கலாம். சட்டம் பிறந்துவிட்டது, ஆனால் இன்னும் கமென்ஸ் ஆகவில்லை என்ற நிலை மாதக்கணக்கில்கூட நீடிப்பதுண்டு.

அரசமைப்புச் சட்டத்திலேயே இது நடந்திருக்கிறது. 1949 நவம்பர் 26-ஆம் தேதி அதை ஏற்றுக்கொண்டார்கள். குடியுரிமை, தேர்தல் ஆணையம் பற்றியவை உட்படச் சில பிரிவுகள் அன்றைக்கே நடைமுறைக்கு வந்துவிட்டன. மீதி எல்லாம் 1950 ஜனவரி 26-ல் வந்தன. இந்த இரண்டில் எதைத் தொடக்கம் என்பது? 394-ஆவது பிரிவு சந்தேகத்துக்கே இடம் வைக்காமல், 1950 ஜனவரி 26-ஐத்தான் இந்த அரசமைப்பின் கமென்ஸ்மென்ட் என்று குறிக்கிறோம் என்று சொல்லிவிட்டது.

அந்த ஒரு சொல் நம் ஊரை எப்படி உலுக்கியது என்று நினைத்துப்பாருங்கள். 343-ஆவது பிரிவு, அரசமைப்பின் கமென்ஸ்மென்ட்டிலிருந்து பதினைந்து வருடத்துக்கு ஆங்கிலம் ஆட்சிமொழியாகத் தொடரும் என்றது. எங்கிருந்து எண்ணுவது என்பது ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டதால், பதினைந்து வருடம் எப்போது முடியும் என்பதில் எந்த வாதமும் இல்லை. 1965 ஜனவரி 26. அந்தத் தேதி நெருங்க நெருங்கத்தான் தமிழ்நாட்டில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1963-ல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் அதற்குப் பிறகும் ஆங்கிலம் தொடர 'மே' என்றுதான் சொன்னது, தொடரலாம் என்ற அளவில். தொடர்ந்தே ஆகவேண்டும் என்ற பொருளில் 'ஷல்' ஏன் போடவில்லை என்ற கேள்வி பெரிதாக எழுந்தது, 1967-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று தமிழ்நாட்டுக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. அப்படியிருக்க, வேலைக்கான மெயிலில் அழகுக்காகக் கமென்ஸ் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

சரி, என் பழைய கணக்குக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு சிறுபாலம் கட்டும் வேலை, முடிக்க ஆறு மாதம் கெடு, சைட்டை எங்கள் கையில் ஒப்படைத்த நாளிலிருந்து கணக்கு. ஆர்டர் வந்த உற்சாகத்தில் எங்கள் ஆட்கள் போய் முள்செடி வெட்டி, சிமெண்ட் வைக்க ஒரு தகர ஷெட் போட்டு, லெவல் எடுத்துவிட்டார்கள். நான் உடனே, நாலாம் தேதி வேலையைக் கமென்ஸ் செய்துவிட்டோம் என்று கடிதம் எழுதி அனுப்பினேன். கம்பீரமாக இருக்கட்டும் என்றுதான் அந்தச் சொல்லைப் போட்டேன். ஆனால் அங்கே ஒரு மின்கம்பம் நடுவில் நின்றது, அதை நகர்த்தி, சைட்டை முறைப்படி எங்களிடம் ஒப்படைக்க இன்னும் முப்பத்தொரு நாள் ஆனது. வேலை முடியத் தாமதமாகி, கூடுதல் அவகாசம் கேட்டு நாங்கள் எழுதியபோது, எதிர்த்தரப்பு என் கடிதத்தின் நகலை இணைத்து அனுப்பியது. நாலாம் தேதி வேலை கமென்ஸ் ஆகிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆகவே கெடு அன்றிலிருந்து. முப்பத்தொரு நாள் போய்விட்டது, அந்த நாட்களுக்கான தாமதத் தொகையைப் பில்லில் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி என்னைத் திட்டவில்லை. "இனிமே அந்த வார்த்தையைப் போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேளுப்பா" என்றார். அது இன்னும் காதில் இருக்கிறது.

இப்போதெல்லாம் அந்த மாதிரி நேரத்தில் 'மொபிலைஸ் செய்திருக்கிறோம்' (ஆளும் சாமானும் கொண்டுவந்து இறக்கியிருக்கிறோம்), 'முன்னேற்பாட்டு வேலைகளை ஸ்டார்ட் செய்திருக்கிறோம்' என்றுதான் எழுதுகிறேன். ஸ்டார்ட் என்பது நடந்ததைச் சொல்லும், நாள் எண்ணும் முளையை அது அவ்வளவு அழுத்தமாக அடிக்காது. வெளிநாட்டுக் கடனில் நடக்கும் பெரிய திட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஃபிடிக் ஒப்பந்தம் தெரிந்திருக்கும், ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு எழுதிவைத்திருக்கும் மாதிரி ஒப்பந்தம் அது. 1999 பதிப்பில் கமென்ஸ்மென்ட் டேட் என்பதற்குத் தனி விதியே உண்டு: வேறு மாதிரி எழுதப்படாவிட்டால், ஏற்புக் கடிதம் ஒப்பந்ததாரர் கைக்கு வந்து 42 நாளுக்குள் அந்தத் தேதி வரவேண்டும், பொறியாளர் குறைந்தது 7 நாள் முன்னதாக அறிவிப்பு கொடுக்கவேண்டும். முடிக்கும் கெடு அதிலிருந்துதான் ஓடும். இதில் மண்வெட்டி எப்போது மண்ணில் பட்டது என்பதற்கு வேலையே இல்லை பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பீரோவில் இருக்கும் இன்ஷூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஆயுள் காப்பீட்டில் பாலிசி கமென்ஸ் ஆகும் தேதி என்று ஒன்று இருக்கும், ரிஸ்க், அதாவது காப்பீட்டின் பாதுகாப்பு, கமென்ஸ் ஆகும் தேதி என்று இன்னொன்று இருக்கும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் ஒட்டியே வரும். குழந்தை பெயரில் எடுக்கும் சில பாலிசிகளில், குழந்தைக்கு எட்டு வயது ஆகவில்லை என்றால், பணம் கட்டத் தொடங்கி இரண்டு வருடம் கழித்தோ எட்டு வயது நிறைவதை ஒட்டிய பாலிசி ஆண்டு நாளிலோ, எது முந்துகிறதோ அன்றைக்குத்தான் முழுப் பாதுகாப்பு கமென்ஸ் ஆகும். பிரீமியம் போய்க்கொண்டிருக்கிறது, ரிஸ்க் இன்னும் வரவில்லை. மருத்துவக் காப்பீட்டில், முதல் பாலிசி கமென்ஸ் ஆன தேதியிலிருந்து 30 நாளுக்குள் வரும் நோய்க்குப் பணம் கிடையாது, விபத்துக்கு மட்டும் உண்டு என்று ஒரு வரி இருக்கும். இந்த இடங்களில் 'ஸ்டார்ட் ஆச்சா, ஆச்சு' என்று மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகக்கூடாது. கமென்ஸ் என்ற சொல்லைக் கண்டால் பேனாவை எடுத்து, எந்தத் தேதி, எதற்கான தேதி என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஸ்டார்ட். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஆதியில் இதற்குத் துள்ளுவது, சட்டென்று அசைவது என்றுதான் பொருள், தொடங்குவது என்ற பொருள் பல நூற்றாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. பழைய ஆங்கிலக் கதைகளில் ஒருவர் நாற்காலியிலிருந்து 'ஸ்டார்ட்' ஆனார் என்று வந்தால் திடுக்கிட்டு எழுந்தார் என்று அர்த்தம், திடுக்கிட வைப்பதற்கு உள்ள 'ஸ்டார்ட்டில்' என்ற சொல்லும் இதன் உறவுதான். அந்தத் துள்ளல் இன்னும் போகவில்லை. சும்மா கிடந்த ஒன்று உயிர் பெற்று அசைந்தால் அது ஸ்டார்ட். வயலில் மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் பச்சைப் பட்டனை அமுக்கினால் ஒரு அதிர்வு வந்து, குழாயில் காற்று கக்கி, அப்புறம் தண்ணீர் பாயுமே, அந்தப் பெட்டிக்கு ஸ்டார்ட்டர் என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம். பழைய டியூப்லைட்டில் மினுக் மினுக் என்று சிமிட்டும் குட்டி உருளைக்கும் அதே பெயர். வண்டியை ஸ்டார்ட் செய்யலாம், பிகின் செய்யவே முடியாது, கமென்ஸும் செய்ய முடியாது. இது நடைப் பிழை மாதிரி சின்ன விஷயம் இல்லை, அந்த வாக்கியமே ஆங்கிலத்தில் கிடையாது. இயந்திரம், தொழில், கடை, சண்டை, வதந்தி, நெருப்பு எல்லாவற்றுக்கும் ஸ்டார்ட்தான்.

பயணத்தில் மட்டும் ஒரு சிக்கல். பஸ் ஆறு மணிக்கு ஸ்டார்ட் ஆகும், வீட்டிலிருந்து ஐந்துக்கே ஸ்டார்ட் ஆகிவிட்டோம் என்று நாம் சொல்வோம். நம் கிளம்பு, புறப்படு என்ற சொற்களின் இடத்தில் இதை வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் வெளிக்கிடு என்பார்கள், அந்த இடம். நம்மூர் ஆங்கிலத்தில் இது எல்லோருக்கும் புரியும், ஆனால் வெளிநாட்டு ஆட்களுக்கு எழுதும்போது 'லீவ்' என்று போடுவதுதான் நல்லது. பஸ் ஸ்டார்ட் ஆனது என்று எழுதினால் இன்ஜின் ஓட ஆரம்பித்தது, பஸ் இன்னும் நிற்கிறது என்றுகூட அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும்.

பிகின் இவை இரண்டுக்கும் நடுவில் அமைதியாக நிற்கிறது. மெல்ல விரியும் காரியங்களுக்கு இது. பேச்சு, கதை, பாடம், கூட்டம், ஒரு காலம், ஒரு உணர்வு. 'எனக்குப் புரிய ஆரம்பித்தது' என்பதற்கு பிகின் போட்டால் அந்த மெதுவான விடியல் தெரியும். கூட்டத்தில் தலைவர், 'நாம் பிகின் செய்யலாமா' என்றால் பணிவும் இருக்கிறது, இறுக்கமும் இல்லை. என்னைக் கேட்டால், ஸ்டார்ட் சாதாரணம் என்று தயங்குகிறவர்கள் கமென்ஸ் பக்கம் ஓடவே வேண்டாம், நேரே பிகினுக்கு வரலாம். எந்த மேலதிகாரிக்கும் எழுதலாம், எந்த நண்பனுக்கும் எழுதலாம். இதில் ஒரே தொல்லை அதன் இறந்தகாலம். பிகின், பிகேன், பிகன். நேற்று நடந்ததைச் சொல்ல பிகேன் போதும், 'ஹாவ்', 'ஹாஸ்', 'ஹாட்' முன்னால் வந்தால் பிகன். 'ஹாவ் பிகேன்' என்று எழுதிய கடிதங்களை வாரத்துக்கு ஒன்றாவது திருத்துகிறேன். இந்த இடத்தில் நிச்சயமில்லை என்றால் ஸ்டார்ட்டட் என்று போட்டுவிடுங்கள், அது எங்கேயும் மாறாது.

எதைப் போடுவது என்று தடுமாறும்போது நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். தொடக்கத்தைப் பார்க்காமல் முடிவைப் பார்ப்பேன். அந்தக் காரியம் நிற்பதற்கு 'ஸ்டாப்' என்று சொல்வோமா? அப்படியானால் தொடக்கத்துக்கு ஸ்டார்ட். மழை, வண்டி, அழுகை. 'எண்ட்' என்று முடியுமா? பிகின். கதை, வகுப்பு, விடுமுறை. 'கம்ப்ளீஷன்', 'எக்ஸ்பைரி', 'டெர்மினேஷன்' என்று காகிதத்தில் முடியுமா? அப்போது கமென்ஸ். ஒப்பந்தம், குத்தகை, பாலிசி, தேர்வு நேரம். நூற்றுக்கு நூறு பொருந்தாது, ஆனால் பெரும்பாலான கடிதங்களுக்கு இது போதும்.

தமிழில் இதற்கு இணை தேடும்போது ஒரு விஷயம் என்னை எப்போதும் யோசிக்க வைக்கும். ஆங்கிலத்தில் சொந்தச் சொல் எளியது, வந்த சொல் கனமானது. நமக்கோ தலைகீழ். ஆரம்பம் வடமொழியிலிருந்து வந்தது, ஆனால் 'படம் ஆரம்பிச்சாச்சா' என்றுதான் தியேட்டர் வாசலில் கேட்கிறோம். தொடங்கு நம் சொந்தச் சொல், அதுதான் அழைப்பிதழிலும் செய்தியிலும் போய் உட்கார்ந்திருக்கிறது: விழா இனிதே தொடங்கியது. அதனால் தமிழ்நாட்டில் பேச்சுநடையை வைத்துப் பார்த்தால் ஆரம்பி என்பது ஸ்டார்ட்டுக்குப் பக்கத்திலும், தொடங்கு என்பது சற்றே கமென்ஸ் பக்கத்திலும் வரும். இலங்கைத் தமிழரிடம் இந்தக் கணக்கு செல்லாது, 'மழை பெய்யத் தொடங்கிட்டுது' என்று அங்கே வீட்டிலேயே பேசுவார்கள், அவர்களுக்குத் தொடங்கு என்பதில் மேடை வாசனை கிடையாது. இன்னொன்று, தொடங்கினார் என்பதும் தொடங்கி வைத்தார் என்பதும் நமக்கு வேறு. அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டினால் தொடங்கி வைத்தார். அதற்கு ஆங்கிலத்தில் இந்த மூன்றுமே பத்தாது, 'இனாகுரேட்' என்றுதான் போகவேண்டும். அமைச்சர் திட்டத்தைக் கமென்ஸ் செய்தார் என்று எழுதினால் அவரே இறங்கி வேலை பார்த்த மாதிரி ஆகிவிடும்.

மற்ற சொந்தக்காரர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இனிஷியேட் என்பதில் யார் முதல் அடி எடுத்து வைத்தது என்பது முக்கியம். பயோடேட்டாவில், நான் ஒரு திட்டத்தை இனிஷியேட் செய்தேன் என்றால் யோசனையும் முயற்சியும் என்னுடையது என்று அர்த்தம். உண்மையாகவே அப்படி என்றால் தயங்காமல் போடுங்கள், நேர்காணலில் கேட்டால் விளக்க முடியவேண்டும். இது தானாக நடக்கும் வினையும் இல்லை, மழை இனிஷியேட் ஆகாது. இன்செப்ஷன் என்பது ஒரு நிறுவனமோ நிதியோ பிறந்த வேளை. மியூச்சுவல் ஃபண்ட் தாளில் இன்செப்ஷனிலிருந்து இத்தனை சதவீதம் என்று போடுவது அதனால்தான். ஆன்செட் நம்மைக் கேட்காமல் வந்து கவிவது. வானிலைத் துறை பருவமழையின் ஆன்செட் என்கிறது, கேரளத்தில் அதன் வழக்கமான தேதி ஜூன் 1. காய்ச்சல், முதுமை, குளிர்காலம் எல்லாம் ஆன்செட்தான். நல்ல விஷயங்களுக்கு இது அவ்வளவாக வராது, கல்யாண வாழ்க்கையின் ஆன்செட் என்று மட்டும் யாருக்கும் வாழ்த்து எழுதிவிடாதீர்கள். அவுட்செட் தனியாக நடமாடாது, 'அட் தி அவுட்செட்', 'ஃப்ரம் தி அவுட்செட்' என்ற இரண்டு வண்டியில்தான் பெரும்பாலும் வரும்.

அமெரிக்காவில் பட்டமளிப்பு விழாவைக் கமென்ஸ்மென்ட் என்கிறார்கள், இது நம் பிள்ளைகளைக் குழப்பும். படிப்பு முடிகிற நாளை எதற்குத் தொடக்கம் என்கிறார்கள்? இனிமேல்தான் வாழ்க்கை தொடங்குகிறது என்று மேடையில் அழகாகச் சொல்வார்கள், அதுவும் நல்ல விளக்கம்தான். ஆனால் அதற்கு முன்பே ஒரு காரணம் இருந்தது. இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறுவது என்றால் ஆசிரியர் குழாமுக்குள் நுழைந்து பாடம் சொல்லத் தொடங்குவது என்று அர்த்தம். அந்தத் தொடக்கத்தைத்தான் அப்படி அழைத்தார்கள். ஹார்வர்டில் முதல் கமென்ஸ்மென்ட் 1642-ல் நடந்தது, டப்ளினில் டிரினிட்டி கல்லூரி இன்றைக்கும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறது. ஆகவே அங்கே படிக்கும் பிள்ளை கமென்ஸ்மென்ட்டுக்கு வாங்கப்பா என்று கூப்பிட்டால் அது வகுப்பு தொடங்கும் நாள் என்று நினைத்து டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.

கமென்ஸ் போடுவது என்று முடிவு செய்தாகிவிட்டது என்றால் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். அதற்குப் பின்னால் 'டு' போட்டு இன்னொரு வினையைக் கொண்டுவருவது இன்றைய நடையில் உறுத்தும். 'கமென்ஸ் டு ஒர்க்' வேண்டாம், 'கமென்ஸ் ஒர்க்' போதும். பிகினுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 'டு' தாராளமாக வரும். இன்னொன்று, 'கமென்சிங் ஃப்ரம் ஜூன் ஒன்று'. நம் நாட்டு நோட்டீஸ் பலகைகளில் பாதி இப்படித்தான் இருக்கும். ஜூன் ஒன்று முதல், திங்கள் முதல் என்ற நம் 'முதல்'தான் அந்த 'ஃப்ரம்' ஆக வந்து நிற்கிறது. தொடங்குவது ஒரு நாளில் நடக்கும் காரியம், ஆகவே 'ஆன்' போதும், அல்லது எந்த ஒட்டும் இல்லாமல் 'கமென்சிங் ஜூன் ஒன்று' என்றே எழுதலாம். எழுத்துக்கூட்டலில் இரண்டு 'எம்' உண்டு, கடைசி ஒலிக்கு 'சி'தான், 'எஸ்' கிடையாது.

அப்புறம் உச்சரிப்பு. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் போனில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. நம் வாயில் கமென்ஸும் கமெண்ட்ஸும் ஒன்றாகிவிடும். ஒரு முறை எங்கள் சைட் இன்ஜினியர் போனில் 'கமென்ஸ் அனுப்புங்க சார்' என்று ஏதோ சொல்ல, எதிர்முனையில் இருந்தவர் வேலை தொடங்கும் அறிவிப்பைக் கேட்கிறார் என்று நினைத்து அதை அனுப்பிவிட்டார். இவர் கேட்டது வரைபடத்தின் மேல் அவர்களுடைய கருத்துகளை. ஆங்கிலத்தில் அழுத்தம்தான் இரண்டையும் பிரிக்கிறது. கமென்ஸில் இரண்டாவது அசையில் அழுத்தம், முதல் அசை ஏறக்குறைய விழுங்கிப்போகும். கமெண்ட்ஸில் முதல் அசையில் அழுத்தம், காமெண்ட்ஸ் என்று வாய் திறந்து வரும். அந்த அழுத்தம் வரவில்லையா, போனில் ஸ்டார்ட் என்று சொல்லிவிட்டு, கடிதத்தில் மட்டும் கமென்ஸ் எழுதுங்கள்.

அந்தப் பெண்ணின் மெயிலை அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து திருத்தினோம். மதிப்புக்குரிய என்பதையும் எடுத்தோம், பணிவாழ்க்கை என்பதையும் எடுத்தோம். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: ஜூலை முதல் வாரத்தில் வேலையை ஸ்டார்ட் செய்ய முடியும், முன்னதாகத் தேவைப்பட்டால் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன். "இதுல மரியாதை எங்கண்ணா இருக்கு?" என்று மறுபடியும் கேட்டாள். அந்த இரண்டாவது பாதியைக் காட்டினேன். ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள். போன வாரம் அவளுக்கு ஆர்டர் வந்தது, நேரே என்னிடம் எடுத்து வந்தாள். அதில் இரண்டாவது பத்தியில், பணி கமென்ஸ் ஆகும் நாளிலிருந்து ஆறு மாதம் தகுதிகாண் பருவம் என்று இருந்தது. அந்தச் சொல்லின் அடியில் அவளே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி வைத்திருந்தாள்.